இன்மை ஒரு காரணம் ஆகுமா?

பூமியைச் சுற்றும் கலத்தில் உருக்கி, உறையவைத்து, பிறகு தரைக்கு இறக்கப்படும் பொருளுக்குக் காரணம் எது? எந்தப் பொருளுக்கும் மூன்று காரணங்களைத் தேடுவது சைவ சித்தாந்தம். குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். விண்ணில் நடக்கும் உற்பத்தியை இந்தக் கணக்கில் வைத்தால் ஓரிடத்தில் இடறுகிறது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.ஆர்.இ.-1 என்ற 550 கிலோ கலத்தை ஏவியது. அதில் இருந்த உலை, எடையற்ற நிலையில் உலோகம் உருகிப் படிகமாவதை ஆராய்வதற்கானது. 12 நாள் சுற்றியபின், ஜனவரி 22 அன்று கலம் பாராசூட்டில் தொங்கியபடி வங்கக் கடலில் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மலேசியாவின் ஷேக் முஸாபர் ஷுக்கோர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, புரதப் படிகம் வளர்க்கும் சோதனையும் உடன் போனது. உலோகமும் புரதமும் தரையில் கிடைப்பவை. செய்வோரும் தரையைச் சேர்ந்தவர்களே. மாறியது துணைக்காரணம் மட்டும். அதுவோ சக்கரத்தைப் போல ஒரு பொருளன்று, எடையின் இன்மை.

எடை இல்லை என்பதால் ஈர்ப்பு இல்லை என்று ஆகிவிடாது. 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஈர்ப்பு உண்டு. கலம் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளிருப்பவையும் கூடவே விழுகின்றன. அதனால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. தாங்கும் சேர்க்கை நீங்கினால் குருத்துவம், அதாவது கனம், பொருளை விழச் செய்யும் என்ற வைசேடிகத் தத்துவத்தாரின் பழைய கொள்கை இங்கே இவ்வளவு பொருந்துவது வியப்புத்தான்.

தரையில், உருகிய கலவையின் சூடான பகுதி மேலெழும். கனமானது அடியில் தங்கும். சிர்கோனியம், பேரியம் முதலியவற்றின் ஃபுளோரைடுகளால் ஆன ஸிப்லான் கண்ணாடியை இங்கே இழையாக இழுக்கும்போது நுண்படிகங்கள் தோன்றி ஒளியைச் சிதறடிக்கின்றன. விண்ணில் அவை குறைகின்றன. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயத்தை அணிசெய்யும் ஏறத்தாழ 3 லட்சம் துண்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை. ஒளி பட்டுத் திரும்பினால் போதும். ஒளி கிலோமீட்டர் கணக்கில் உள்ளே ஓட வேண்டிய இழைக்குத்தான் விண்வெளி தேவைப்படுகிறது.

ஆனால் இல்லாத ஒன்று எப்படிக் காரணமாகும்? அப்படியானால் குடம் வனையும் இடத்தில் யானை இல்லாததும் ஒரு காரணமா என்று கேட்கலாம். இதற்கு நெருங்கிய வாதம் முன்பே நடந்திருக்கிறது. சில மணிகள் அருகில் இருந்தால் தீ சுடாது என்ற நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, மணி தீயின் சக்தியைக் கெடுக்கிறது என்றனர் மீமாம்சகர். சக்தி என்று தனியே ஒன்று வேண்டாம், தடையான மணியின் இன்மையே சுடுவதற்கு ஒரு காரணம் என்றனர் நியாயவாதிகள். எதன் இன்மையும் காரணமன்று, தடையின் இன்மையே காரணம் என்ற வரம்பு யானையை வெளியே நிறுத்திவிடுகிறது. எடையோ உள்ளே நிற்கிறது.

ஆகவே துணைக்காரணத்தை எண்ணும் முறையில் நியாயவாதிகள் பக்கமே வலுவானது. எனினும் காரியம் காரணத்துக்குள் முன்பே உள்ளது என்னும் சித்தாந்தத்தின் சற்காரியவாதத்தை இது அசைக்கவில்லை. தெளிந்த கண்ணாடியாகும் தகுதி கலவையில் இருந்தது. விண்வெளி அதைச் சேர்க்கவில்லை, மறைத்ததை விலக்கியது. துணைக்காரணம் விலகியபின் காரியம் நிற்கும் என்பதும் சரியாகவே இருக்கிறது. வர்தா நிறுவனத்தின் கலத்தில் உருவான ரிட்டோனாவிர் மருந்துப் படிகம், 2024 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியபின்னும் தன் படிக அமைப்பை இழக்கவில்லை.

விண்ணிலிருந்து வந்ததால் ஒரு பொருளுக்குப் புனிதம் கூடுமா என்ற கேள்விக்கு இவ்வளவு நுட்பம் வேண்டாம். ஆகமப்படி ஒரு படிமம் வழிபாட்டுக்குரியதாவது பிரதிஷ்டையால். அது எவ்வளவு உயரத்தில் செய்யப்பட்டது என்பதால் அன்று. அந்த 400 கிலோமீட்டரும், ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் போகும் சாலைத் தொலைவைவிடச் சற்றுத்தான் அதிகம்.