எல்லாம் ஒண்ணுதானே என்று யார் சொல்லலாம்?



நம் நாட்டில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டால், பால்மரம் இலை கொட்டும் மாதங்களைச் சொல்வார்கள். அப்போது பால் குறையும், கையில் காசும் குறையும். வட இந்தியாவில் அப்படி இல்லை. மழை ஓய்ந்து வானம் தெளியும் சரத் காலம் அங்கே யாத்திரைக்கு ஏற்ற காலம். அதன் தொடக்கத்தில், மகாளய பட்சத்தில், முன்னோருக்குப் பிண்டம் வைக்க லட்சக்கணக்கான இந்துக்கள் பீகாரில் உள்ள கயாவுக்குப் போகிறார்கள். நம் நாட்டிலிருந்தும் காசி, கயா என்று குழுவாகப் போகிறவர்கள் உண்டு.

கயாவில் பிரம்மயோனி என்று ஒரு மலை இருக்கிறது. நமக்கு அது பிதுர் காரியத்தோடு சேர்ந்த புனித மலை. பௌத்தர்களுக்கு அதே மலை கயாசீசம். முன்பு வேள்வித் தீ வளர்த்துவந்த ஆயிரம் துறவிகளைப் பார்த்து, ஆசையாலும் வெறுப்பாலும் எல்லாம் எரிகிறது என்று புத்தர் உபதேசம் செய்த இடம் அது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் புத்தகயா, போதி மரம். அங்கேயும் போய்ப் பிண்டம் வைக்கும் இந்துக்கள் இருக்கிறார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். இப்படிப்பட்ட இடத்துக்கு நாம் யாராகப் போகிறோம்? சொந்தக்காரராகவா, வேடிக்கை பார்ப்பவராகவா, விருந்தாளியாகவா?

நம்மில் பலர் சட்டென்று சொல்லும் பதில், "புத்தர் விஷ்ணுவோட அவதாரம்தானே! எல்லாம் ஒண்ணுதான்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகயாவின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். பல காலம் அந்தக் கோவில் ஒரு சைவ மடத்து மகந்துகளின் கையில் இருந்தது. 1891ல் இலங்கையின் அநகாரிக தர்மபால மகாபோதி சங்கத்தைத் தொடங்கி, அது பௌத்தர்களிடம் வரவேண்டும் என்று போராடினார். 1949ல் வந்த சட்டப்படி நிர்வாகக் குழுவில் பௌத்தர் நான்கு பேர், இந்துக்கள் நான்கு பேர், தலைவராக மாவட்ட ஆட்சியர். முழு நிர்வாகமும் தங்களுக்கே வேண்டும் என்று பௌத்த பிக்குகள் இன்றும் கேட்கிறார்கள். அவர்களிடம் போய் "எல்லாம் ஒண்ணுதானே, எதுக்கு சண்டை?" என்று நாம் சொன்னால், அவர்கள் காதில் அது எப்படி விழும்?

அதைப் புரிந்துகொள்ள பீகார் வரை போக வேண்டாம். நம் பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறியபோது, லயத்து ஜனங்கள் கட்டிய மாரியம்மன் கோவில், முனியாண்டி கோவில் எல்லாம் என்ன ஆயின? நிலப் பட்டா வேறு யார் பேரிலோ இருந்தது. மூன்று தலைமுறை கும்பிட்ட இடம் ஒரே நாளில் "அனுமதி இல்லாத கட்டடம்" ஆனது. அப்போது ஒருவர் வந்து, "சாமி எங்கும் இருக்கிறதுதானே, வேற எங்கயாவது போய்க் கும்பிடுங்க" என்று சொன்னால் நமக்கு வயிறு எரியாதா? சொன்ன தத்துவத்தில் தப்பில்லை. சொன்ன இடத்தில்தான் தப்பு. கையில் பட்டா வைத்திருப்பவர் "எல்லாம் ஒன்று" என்று சொல்லும்போது, அது வேதாந்தம் இல்லை, வெளியேற்றும் நோட்டீஸ்.

என் கருத்து இதுதான்: எல்லாம் ஒன்று என்பது என் மனத்தை விரிக்க நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவர் உரிமையைச் சுருக்க அவருக்குச் சொல்ல வேண்டியது அல்ல.

அப்படியானால் அந்தப் பக்கமே போகக்கூடாதா? அதுவும் நம் மரபு இல்லை. தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழன் சிவபக்தன். நம் அண்டை மாநிலமான கெடாவை, அன்றைய கடாரத்தை, ஆண்ட மன்னன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பியபோது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே ராஜராஜன் கொடுத்தான். அதில் அரசியலும் வணிகமும் இருந்திருக்கும். அவன் மகன் ராஜேந்திரன் 1025ல் அதே கடாரத்தின் மீது படையெடுத்ததையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் அந்தக் கொடையில் ஒரு பாடம் இருக்கிறது. அவன் விகாரத்தை சிவன் கோவில் ஆக்கவில்லை. அது விகாரமாகவே இருக்க உதவினான்.

ஈப்போவில் இதை நாம் பழகிப் பார்க்கலாம். தைப்பூசத்தில் சீனர்களும் கல்லுமலை முருகனுக்குத் தேங்காய் உடைக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். நம்மைக் கேட்டு, நம் முறைப்படி செய்கிறார்கள். "இது எங்க சாமி" என்று எடுத்துக்கொண்டு போவதில்லை. அதே சுண்ணாம்பு மலைகளின் குகைகளில்தான் 1926ல் தொடங்கிய பேராக் தோங்கும், சாம் போ தோங்கும் இருக்கின்றன. நாம் அங்கே எப்படிப் போகிறோம்? செல்ஃபி எடுத்து, ஆமைக்குத் தீனி போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அங்கே ஊதுபத்தி ஏற்றும் சீனப் பாட்டியிடம், "இது யார் சிலை பாட்டி, எப்படிக் கும்பிடணும்?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

விருந்தாளிக்கு மூன்று கடமை உண்டு. வீட்டுக்காரர் சொல்லும் கதையை முதலில் கேட்க வேண்டும், நம் கதையைப் பிறகு சொல்லலாம். அவர் முறையை மதிக்க வேண்டும். அவர் வீட்டுக்கு ஆபத்து வந்தால், நம் வீடு இல்லையே என்று நழுவக் கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம். ஆனால் நாளைக்கு நம் தோட்டத்துக் கோவிலுக்கு ஒரு பிரச்சினை என்றால், பக்கத்தில் வந்து நிற்க நமக்கும் ஆள் வேண்டும் அல்லவா?

அடுத்த யாத்திரைக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் முன் இதைப் பேரவைக் கூட்டத்தில் ஒருமுறை விவாதியுங்கள். எந்தெந்த இடம் பார்க்கலாம் என்ற பட்டியலோடு, அங்கே யாரிடம் என்ன கேட்கலாம் என்றும் ஒரு பட்டியல் போடுங்கள்.