ஆஷ்ட்ரே உள்ள கதவு

2023 நவம்பரில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன விமானத்தில், கழிப்பறைக் கதவுக்கு முன்னால் என் முறைக்காக நின்றிருந்தேன். புகைபிடிக்கக் கூடாது என்கிற படம் கதவில் இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே சின்னதாக ஓர் ஆஷ்ட்ரே. பழைய விமானத்தின் மிச்சசொச்சமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விமானம் புதியது. இருக்கைகளின் புது வாசனைகூடப் போகவில்லை. எந்த மூலையிலும் புகைபிடிக்க அனுமதி இல்லாத ஒரு வாகனத்தில், அனுமதி போய் எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்த ஆஷ்ட்ரேக்கு அளவெடுத்து வரைபடம் போட்டிருக்கிறார்.

இது மறதியல்ல, விதி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். விமானத்தின் மற்றப் பகுதிகளில் புகைபிடிக்கலாமோ கூடாதோ, கழிப்பறைக் கதவிலோ அதன் அருகிலோ கண்ணில் படும்படி ஆஷ்ட்ரே இருந்தாக வேண்டும் என்கிறது அமெரிக்க விமானத் தகுதி விதி. காரணத்துக்கு 1973 ஜூலை 11க்குப் போக வேண்டும். ரியோவிலிருந்து பாரிஸுக்கு வந்துகொண்டிருந்த வாரிக் கம்பெனியின் போயிங் 707இன் பின்பக்கக் கழிப்பறையில் தீப்பிடித்தது. குப்பைத் தொட்டியில் யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட்டாக இருக்கலாம் என்பது சந்தேகம். ஓர்லி விமான நிலையத்தை எட்ட முடியாமல் சில கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு வயலில் இறக்கினார்கள். இருந்தவர்கள் 134 பேர். இறந்தவர்கள் 123. பெரும்பாலோரைக் கொன்றது புகை. அதற்குப் பிறகு சட்டம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. தடுத்தாலும் எவனாவது ஒருவன் பிடிப்பான். பிடித்தவன் பயத்தில் துண்டைக் காகிதக் குப்பையில் திணிப்பான். ஆகவே தடையும் வேண்டும், தடையை மீறுபவனுக்கு ஒரு கிண்ணமும் வேண்டும்.

மனிதனைப் பற்றி இவ்வளவு நிதானமாக யோசித்த ஒரு வாக்கியத்தை நான் நீதி நூல்களில் கண்டதில்லை.

நான் டெல்லிக்குப் போனது அண்ணனைப் பார்க்க. மாரடைப்பு. இரண்டு ஸ்டென்ட் வைத்திருப்பதாக அண்ணி போனில் சொன்னார். அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். என் முதல் சிகரெட் அவன் கொடுத்தது, திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். எனக்கு அப்போது பத்தொன்பது. இப்போது முப்பத்தாறு. நடுவில் எத்தனை முறை விட்டேன் என்று கேட்டால், கேஷ் கவுண்டரில் உட்காருபவனாக இருந்தும், எண்ணிக்கை தவறிவிட்டது.

அந்த வருஷம் விடுவதற்கு என்னிடம் ஒரு கருவி இருந்தது. லண்டனிலிருந்து வந்த அத்தை மகன் சட்டைப் பையில் இ-சிகரெட்டோடு வந்து இறங்கினான். இங்கே அதற்குத் தடை என்பது அவனுக்குத் தெரியாது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும் அந்த டிசம்பரில் முழுச் சட்டமாகவும் வந்த தடை அது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, எடுத்துச் செல்லுதல், விற்பனை, விளம்பரம், சேமிப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம், இழுப்பதைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. சுற்றிலும் இருப்பதையெல்லாம் மூடிவிட்டு நடுவில் மனிதனை அப்படியே நிறுத்தியிருக்கிறது. அவன் போகும்போது அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். நானும் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தேன். குற்றம்தான். பதினோரு நாள் அதை மட்டுமே இழுத்தேன்; சிகரெட் தொடவில்லை.

அண்ணி போன் செய்த இரவில் பெட்டி கட்டும்போது பிரச்னை வந்தது. அந்தக் கருவியை இங்கே விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது. அது இல்லாமல் போகவும் பயம். காலையில் போகும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் பத்து அடங்கிய சிகரெட் பாக்கெட் வாங்கினேன். பாக்கெட்டின் நூற்றுக்கு 85 பங்கை அடைத்துக்கொண்டு அழுகிய வாயின் படம். ஒன்றை அங்கேயே பற்றவைத்தேன். விமான நிலையச் சோதனையில் லைட்டரை எடுத்துக்கொண்டார்கள். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிகரெட் பறக்கலாம், சிகரெட்டை விடுவதற்கான கருவி பறக்கக் கூடாது. ஆகவே என்னைத் திரும்பவும் சிகரெட்டுக்குத் தள்ளியது சட்டம்தான் என்று அன்று காலை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழகான வாதம். பெட்டிக்கடைக்காரரிடம் காசை நீட்டியது யாருடைய கை என்கிற கேள்வி மட்டும் அதில் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பயணம் இரண்டே முக்கால் மணி நேரம். கிளம்பியபோது பயந்தது நடக்கவில்லை; தவிப்பே இல்லை. ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தேன், ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் நாற்பது பக்கம் படித்தேன். பதினோரு நாள் பட்ட பாட்டுக்கு மனம் பக்குவப்பட்டுவிட்டது என்று ஒரு பெருமிதம்கூட ஏற்பட்டது. இறங்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். காது அடைத்தது. அந்த நிமிஷத்தில், எங்கேயோ ஒளிந்திருந்து நேரம் பார்த்தது மாதிரி, தொண்டையிலிருந்து விரல் நுனிவரை அது வந்து நின்றது. சக்கரம் தரையைத் தொட்டபோது நான் அண்ணனை நினைக்கவில்லை. தீப்பெட்டிக்கு யாரைக் கேட்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது என் தனிப்பட்ட பலவீனம் என்றே எண்ணியிருந்தேன். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ருவென் தார் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு பார்த்தேன். புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம், பறந்துகொண்டிருக்கும்போதே, தவிப்பு எவ்வளவு என்று அவ்வப்போது கேட்டுக் குறித்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் குறுகிய பயணங்கள், நியூயார்க்குக்குப் போகும் நீண்ட பயணங்கள், இரண்டிலும். உடம்பில் நிகோட்டின் குறையக் குறையத் தவிப்பு ஏற வேண்டும் என்பது பொதுவான எண்ணம். அப்படியானால் நீண்ட பயணத்தின் முடிவில் அது மிக அதிகமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. இரண்டு பயணங்களின் முடிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. குறுகிய பயணம் முடிகிற அதே மணியில், நீண்ட பயணத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் கடல் பாக்கியிருக்கிறது; அவர்களுடைய தவிப்பு குறைவு. தவிப்பு கடிகாரம் பார்க்கவில்லை, கதவைப் பார்த்திருக்கிறது. ஓய்வு நாளில் நெருப்பைத் தொடாத மதப்பற்றுள்ள யூதர்களிடமும் இதே ஆய்வாளர் 2005இல் கேட்டிருக்கிறார். வாரத்தின் மற்ற நாட்களில் தாங்க முடியாதது அந்த ஒரு நாளில் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

விஞ்ஞானத்துக்கு இது ஒரு முடிவு. எனக்கு இது ஒரு அவமானம். இரண்டே முக்கால் மணி நேரம் என் மனவுறுதி என்று நான் நினைத்தது பூட்டின் குணம். கதவு திறந்ததும் அது பூட்டோடு போய்விட்டது. அரிஸ்டாட்டில் நீதி நூலின் ஏழாம் பகுதியில் இருவரைப் பிரித்துக் காட்டுகிறார்: தகாத இச்சை இருந்தும் அதை அடக்குபவன் ஒருவன், அந்த இச்சையே இல்லாதவன் இன்னொருவன். விமானத்தில் நான் இரண்டாமவனைப் போலத் தோற்றமளித்தேன். அடக்குவதற்கு எதுவும் எழவில்லையே. உண்மையில் நான் மூன்றாம் ரகம்: நல்லது எது என்று தெரிந்தும் செய்யாமல் விடுகிறவன். இறங்கும்வரை அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஸார்த்தர் 1943இல் எழுதிய 'இருத்தலும் இன்மையும்' நூலில் தாம் புகையை விட முயன்றதைச் சொல்கிறார். அவருக்குப் புகையிலையின் ருசி போவதில் பயமில்லை. நாடகம் பார்ப்பது, காலையில் எழுதுவது, சாப்பாட்டுக்குப் பின் பேசுவது எல்லாமே புகையில்லாமல் சாரம் இழந்துவிடுமோ என்பதுதான் பயம். உலகை எரித்து உள்ளே இழுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் சடங்காக அது இருந்ததாம். ஆகவே அந்தச் சடங்கின் அர்த்தத்தைக் கலைத்தால் போதும், செடி வெறும் செடியாகிவிடும் என்கிறார். பிரமாதமான பகுப்பாய்வு. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அவர் புகைத்துக்கொண்டிருந்தார் என்பதைச் சேர்த்துப் படித்தால் இன்னும் பிரமாதம். (2005இல் அவருடைய நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பிரான்ஸின் தேசிய நூலகம் போட்ட சுவரொட்டியில் அவர் விரலிடுக்கிலிருந்த சிகரெட்டை அழித்துவிட்டார்கள். புகையிலை விளம்பரச் சட்டத்துக்கு அஞ்சியாம். தம்மால் விட முடியாததைச் செத்த பிறகு அரசு விட்டுக்கொடுத்தது.) அர்த்தம் புரிந்துவிட்டால் தளை அறும் என்ற நம்பிக்கை நம்மைப் போலப் படிக்கிறவர்களுக்கே உரிய மூடநம்பிக்கை என்று தோன்றுகிறது.

இதாலோ ஸ்வேவோவின் ஸேனோ (1923) இதைவிட நேர்மையானவன். அவன் வாழ்நாள் முழுக்கக் கடைசி சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறான். கடைசி என்கிற நினைப்பு கொடுக்கிற ருசிக்காகவே அடுத்ததைப் பற்றவைக்கிறான். என் சபதங்களும் இந்த ஜாதிதான். ஒவ்வொரு சபதமும் முழுச் சபதம், கறையில்லாதது. ஒரு சிகரெட்டில் மொத்தமும் எரிந்துவிடும். எரிந்தபின், இனி என்ன, பாக்கெட்டையே முடிப்போம் என்கிற விடுதலை. அந்த விடுதலைக்காகத்தான் சபதமே எடுத்தேனோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. விமான விதி இப்படி யோசிக்கவில்லை. தடையைச் சொல்கிறது; ஒரு தவறுக்கு இடம் வைக்கிறது; அந்தத் தவறு 123 பேரைக் கொல்லாமல் பார்த்துக்கொள்கிறது; தடையை ஒரு அங்குலமும் தளர்த்தவில்லை. என் சபதத்துக்குள் ஆஷ்ட்ரே கிடையாது, குப்பைத் தொட்டிதான்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். "சமரசத்துக்கு நீ தத்துவம் பண்ணுகிறாய்" என்றார். இருக்கலாம். ஆனால் சமரசம் என்று நான் பெயரிடுவது இ-சிகரெட்டை. அதைச் செய்த ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநரும் புகைப்பவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். 2003இல் செய்தார். அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அத்தை மகன் அதைக் கொண்டுதான் விட்டான். ஒரு வருஷத்தில் அதையும் விட்டுவிட்டான். நிகோட்டின் ஒட்டுகளையும் சூயிங்கத்தையும்விட அதைக் கொண்டு விட்டவர்கள் அதிகம் என்றே காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. எனக்கு அது வேறு வேலை செய்தது. பதினோரு நாளும் நான் 'விட்டுக்கொண்டிருப்பவன்' என்கிற பாத்திரத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். விட்டவனும் இல்லை, பிடிப்பவனும் இல்லை. அந்த ஸ்திதியில் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது, நான் உட்பட.

அது அனுமதிக்கப்பட்ட நாடுகளின் விமான விதி இங்கே பொருத்தமாக இருக்கிறது. உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் அதைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. 2015இலிருந்து சர்வதேச விதி இது. அங்கே தீப்பிடித்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே கைப்பையிலோ சட்டைப் பையிலோ பயணியின் கூடவே இருக்க வேண்டும். ஆனால் இழுக்கக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. இச்சையைக் கண் மறைவில் பூட்டிவைத்தால் ஆபத்து, உடம்போடு வைத்துக்கொள், தொடாதே. லண்டனிலிருந்து அத்தனை மணி நேரமும் அத்தை மகன் அப்படித்தான் வந்திருக்கிறான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "தூங்கிட்டேன் அத்தான்" என்றான்.

டெல்லியில் வெளியே வந்ததும் ஒரு டாக்ஸி டிரைவரிடம் தீப்பெட்டி வாங்கிப் பற்றவைத்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருந்தார். அண்ணன் இளைத்திருந்தான், பல நாள் தாடி. பக்கத்தில் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினான்.

"வெளிய நின்னு பிடிச்சிட்டு வந்தியா?"

"ம்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அண்ணி வருகிறாரா என்று வாசல் பக்கம் ஒரு பார்வை. "ஒண்ணு இருக்காடா?"

"இல்லண்ணா."

பாக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. மெல்லிய துணி, வெளியிலிருந்தே தெரிந்திருக்கும். அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நானே ஒரு நிமிஷம்கூட மறுக்க முடியாததை அவனுக்கு யோசிக்காமல் மறுத்துவிட்டேன். அதில் சிரமமே இல்லை. பாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த அறையில் தவிப்பு என்னுடையது இல்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அவனுக்கு நான் பூட்டாக இருந்தேன். பூட்டு எளிது.

மூன்று நாள் இருந்தேன். அவன் மறுபடி கேட்கவில்லை. திரும்பி வரும்போது விமானத்தில் பாக்கெட்டை எடுத்து எண்ணினேன். ஏழு. சென்னையில் ஒன்று, டாக்ஸி நிலையத்தில் ஒன்று, இரண்டாம் நாள் இரவு ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று. அதைப் பாதியில் அணைத்தேன். அணைத்த துண்டைப் போட இடம் தேடிக் கிடைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிவரை ஏறிப் போனேன்.