முரண்டு பிடிக்கும் வாக்கியம்

தொடரியல் ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பலர் முதலில் கேட்பது, "எத்தனை மொழி எடுத்துக்கொள்ளட்டும்?" என்பதுதான். எதைப் பற்றி என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது. ஜோசப் கிரீன்பர்க் 1963-இல் வெளியான கட்டுரையில் 30 மொழிகளை ஒப்பிட்டு 45 பொதுமைகளைச் சொன்னார். அந்த எண்களின் கவர்ச்சி இன்னும் குறையவில்லை. ஆனால் அது ஊரெல்லாம் உள்ள இலக்கணங்களைப் படித்துத் தேர்ந்தவருக்கு வாய்த்த அகலம். உதவித்தொகை முடிவதற்குள் ஆய்வேட்டை முடிக்க வேண்டியவருக்கு அது சரிப்படாது என்பது என் கட்சி.

நல்ல தலைப்பு, முரண்டு பிடிக்கும் ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வரும். 'குமார் ரவியிடம் தன் சைக்கிளைக் கொடுத்தான்' என்றால் சைக்கிள் குமாருடையது. 'தன்' பொதுவாக எழுவாயைத்தான் சுட்டும். சரி, 'குமாருக்குத் தன் தம்பியைப் பிடிக்காது' என்பதில் எழுவாய் எங்கே? குமார் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறான். வினையும் அவனைச் சட்டை செய்வதில்லை. எனக்கு, உங்களுக்கு, அவர்களுக்கு என்று யாரைக் கொண்டுவந்து வைத்தாலும் 'பிடிக்காது' அசையாது. ஆனால் 'தன்' மட்டும் நேராகக் குமாரிடமே போய் ஒட்டிக்கொள்கிறது. குமார் எழுவாயா என்றால், உருபு 'இல்லை' என்கிறது, 'தன்' 'ஆமாம்' என்கிறது.

இந்த வழக்கு தமிழோடு முடிவதில்லை. மலையாளம், இந்தி, சிங்களம் எல்லாவற்றிலும் உண்டு. ஐஸ்லாந்து மொழியிலும் இப்படி நிற்கும் பெயர், எழுவாய்க்கான சோதனைகளில் தேறிவிடுகிறது என்று ஸானன், மேலிங், த்ராயின்சன் மூவரும் 1985-இல் காட்டினார்கள்.

தாய்மொழியை ஆய்வுக்கு எடுப்பது சோம்பேறித்தனம் என்று சிலர் கூசுகிறார்கள். எதற்குக் கூச வேண்டும்? பிழையான வாக்கியம் யாரையும் கேட்காமலே காதில் உறுத்துவது அதில்தானே! ஆனால் ஒரே வாக்கியத்தைக் காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் எல்லாமே சரியென்று தோன்ற ஆரம்பித்துவிடும். அதனால் அடுத்தவரைக் கேட்டே தீர வேண்டிய இன்னொரு மொழியும் கூட இருக்கட்டும். இரண்டு போதும்.

வங்காள மொழியை எடுக்கலாம் என்பேன். யாருக்குப் பசிக்கிறது, யாருக்குப் பிடிக்கிறது என்பது அங்கே ஆறாம் வேற்றுமையில் வருகிறது. குமாரையும் அதில் போட்டுப் பக்கத்திலேயே 'தன் தம்பியை' வைத்தால், இரண்டும் சேர்ந்து 'குமாரின் சொந்தத் தம்பியை' என்றும் காதில் விழும். அப்புறம் பிடிக்காதது யாருக்கு? பிரித்துப் பார்க்க, நடுவில் 'இப்போதெல்லாம்' மாதிரி ஒரு சொல்லை நுழைத்து ஒரு வங்காளியிடம் கேட்க வேண்டும். அவர் முகம் சுளிக்கிறாரா என்றும் கவனிக்க வேண்டும்.