கழித்த லொறியும் பேணும் கையும்

போருக்கெனப் பிறந்த பொருள் போரின் குணத்தை என்றும் சுமக்குமோ? 1945இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், படைகள் கழித்த லொறிகள் பல நாடுகளிலும் குடிமக்கள் கைக்கு வந்தன. குண்டு சுமந்தவை நெல்லும் விறகும் சுமந்தன.

எனினும், விலைகொடுத்தமையால் மட்டும் வண்டி உடைமையாகிவிடாது. கொழும்புத்துறை போன்ற கடனீரேரிக் கரையில் உப்புக்காற்று இரும்பை ஓயாது அரிக்கும். துருவைச் சுரண்டி வர்ணம் பூசாதவனிடம் அது நில்லாது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை இதனை மேலும் தெளிவாக்கிற்று. யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் அரிதானபோது, ஏ-40 முதலிய பழைய கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடின. ஓட்டியது பணமன்று, பொறியின் இயல்பறிந்த கையே.

பொருளின் அறம் பிறப்பிலன்று, பேணுதலில் உள்ளது. ஆயினும், நெல்லேற்றும் வண்டியில் மீண்டும் குண்டேற்றவும் கூடும். ஆதலின் பழுதுபார்ப்போன், எவ்வாறு பேணினான் என்பதற்கேயன்றி, எதற்காகப் பேணினான் என்பதற்கும் விடைகூறக் கடமைப்பட்டவன்.