சாரத்திலிருந்து விழுந்தவர் யாருடைய ஆள்?

திருத்தணி பக்கத்துக் கே.ஜி.கண்டிகை மாதிரி ஊரில் ஒரு மாடி வீடு எழும்பும் விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்காரர் திருத்தணியில் ஓர் இன்ஜினீயரிடம் பிளான் வாங்குவார். மேஸ்திரியோடு சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார். சிமெண்ட், கம்பி, மணல், ஜல்லி வீட்டுக்காரர் பொறுப்பு. ஆள் மேஸ்திரி பொறுப்பு. லேபர் காண்ட்ராக்ட் என்பது இதுதான். சென்ட்ரிங்கை மேஸ்திரி இன்னொருவரிடம் விடுவார். கம்பி கட்ட வேறொரு கூட்டம் வரும். காலையில் ஆள் குறைந்தால் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரி பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வார்கள். தமிழும் தெலுங்கும் கலந்தே வேலை நடக்கும். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த வட்டாரம், அதில் வியப்பில்லை. எழுத்தில் இருப்பது மேஸ்திரியின் சட்டைப்பையில் உள்ள சின்ன நோட்டு மட்டும்.

வேலை நடக்கும்வரை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எஜமானர்கள் அதிகம். மேஸ்திரி ஏவுவார். வீட்டுக்காரர் மாலையில் வந்து, அந்தச் சுவரை இடித்துவிட்டு நாளைக்குத் திருப்பிக் கட்டு என்பார். வாரத்துக்கு ஒருநாள் வரும் இன்ஜினீயரும் ஏதாவது மாற்றிச் சொல்லிவிட்டுப் போவார். சாரம் முறிந்து கொத்தனார் கீழே விழுந்த அன்று இத்தனை பேரும் விலகி நிற்கிறார்கள். ‘நான் காண்ட்ராக்ட் விட்டுவிட்டேன்’ என்கிறார் வீட்டுக்காரர். ‘நானும் கரண்டி பிடிக்கிற கூலிக்காரன்தானே’ என்கிறார் மேஸ்திரி. ‘அந்த ஆள் அன்றைக்குத்தான் வந்தார்’ என்கிறார் சென்ட்ரிங்காரர். இவற்றில் எதுவும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. சிக்கலே அங்கேதான்.

1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (2010 முதல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர்) பெரிய காரியம் ஒன்றைச் செய்திருந்தது. காயம்பட்டவர் யாருடைய தவறையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையினால், வேலையின்போது அடிபட்டார் என்றால் போதும். அவரே கவனக்குறைவாக இருந்தார் என்ற பேச்சு எடுபடாது. குடித்திருந்தார், சொன்னதை மீறினார் என்ற வாதங்கள்கூட மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் செல்லாது. தவறு என்ற கதவை இப்படிச் சட்டம் அடைத்ததும், பணம் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஒரே கதவுதான் மிச்சம்: அவர் என் ஆளே இல்லை. இன்று கட்டுமான விபத்து வழக்குகளில் அடி எப்படிப் பட்டது என்பதைவிட, யாரிடம் வேலை செய்தார் என்பதைச் சுற்றியே வாதம் நீள்வதற்குக் காரணம் இதுதான்.

உச்ச நீதிமன்றம் இந்தக் கதவை ஒருமுறை நன்றாக உற்றுப் பார்த்தது. 1968 ஜூலையில் ஒடிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடக்கையை முழங்கைக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று. உரிமையாளரிடம் அவர் நேரில் போய்க் கேட்டும் பலனில்லை. வழக்கு வந்ததும், அவர் தற்காலிகக் காண்ட்ராக்டர், விழுந்ததும் அவருடைய கவனக்குறைவால்தான் என்று உரிமையாளர் சொன்னார். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று அறியப்படும் அதில் 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்த மறுப்பு பொய்யானது, வெற்றானது என்று நீதிமன்றம் சொல்லி, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர் போட்ட அபராதத்தையும் வட்டியையும் உறுதி செய்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்பதையும் ஏற்றது. மொத்தத் தொகை 15,092 ரூபாய். தொகை சிறியது. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு தார்மீகப் பிரிவினை இருக்கிறது: உண்மையிலேயே சந்தேகம் இருந்து வாதாடுவது ஒன்று, காயம்பட்டவரைக் களைப்படைய வைக்க மறுப்பது வேறொன்று. முதலாவது உரிமை. இரண்டாவதற்குத்தான் அபராதம்.

சட்டமும் பிறகு கொஞ்சம் நகர்ந்தது. தற்காலிக ஆளுக்கு, அதுவும் முதலாளியின் தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலை செய்தவருக்கு, இழப்பீடு இல்லை என்றிருந்த விலக்கு 2000-இல் நீக்கப்பட்டது. வேலையைக் காண்ட்ராக்டில் விட்டவரும் பொறுப்பு என்று 1923 சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு முன்பிருந்தே சொல்லிவந்தது. கட்டுமான நிறுவனம் ஒன்று துணைக் காண்ட்ராக்டரைக் காட்டிவிட்டுத் தப்ப முடியாது. முதலில் அது கொடுத்துவிட்டு, அப்புறம் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது. விடப்பட்ட வேலை, விட்டவருடைய தொழிலின் வழக்கமான பகுதியாக இருக்க வேண்டும். வீடு கட்டுவது தறிக்காரரின் தொழில் அல்ல. கோயில் வாசலில் தேங்காய்க் கடை வைத்திருப்பவரின் தொழிலும் அல்ல. ஆகவே லேபர் காண்ட்ராக்டில் கட்டிய வீட்டில் விபத்து நடந்தால், பொறுப்பு மேஸ்திரியோடு நின்றுவிடுகிறது. அதே வீட்டுக்காரர் நேரடியாக நாள்கூலி கொடுத்திருந்தால் அவரே முதலாளி. ஒரே வீடு, ஒரே சாரம், ஒரே முதுகெலும்பு. கூலி எந்தக் கை வழியாகப் போனது என்பது மட்டுமே வேறு.

வீட்டுக்காரரின் பக்கம் அலட்சியமாகத் தள்ளக்கூடியது அல்ல. நகை வைத்தும் கடன் வாங்கியும் கட்டுபவர் அவர். வீடு கட்டி லாபம் பார்ப்பவரும் அல்ல. சாரத்தின் கயிறு எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவரை நம்பித்தானே காண்ட்ராக்ட் விட்டார்? நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவர் இறந்தால் சட்டக் கணக்கு என்ன என்று பார்ப்போம். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பை வைத்து, அதில் பாதியை அந்த வயதுக்கான 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 13,81,275 ரூபாய் வரும். ஒரு நடுத்தர வீட்டுக்காரரை இந்தத் தொகை சாய்த்துவிடும். மேஸ்திரியை அதைவிட எளிதாகச் சாய்த்துவிடும்.

மேஸ்திரியின் நிலைதான் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதது. சட்டத்தின் கண்ணில் அவர் முதலாளி. சனிக்கிழமை மாலை கூலி கொடுத்து முடித்த பிறகு அவர் கையில் மிஞ்சுவது, சில வாரங்களில், அவரிடம் வேலை செய்த பெரியாளின் கூலியைவிடக் கொஞ்சம்தான் கூட. அடுத்த விபத்தில் விழப்போவது அவராகவும் இருக்கலாம்; அப்போது அவர் யாரிடம் கேட்பார்? ஆணையர் உத்தரவு போட்டாலும், வருவாய்த்துறை மூலம் வசூலிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், இல்லாதவரிடம் எதை ஜப்தி செய்வது? சட்டப்படி ஜெயித்த விதவையின் கையில் ஒரு காகிதம் இருக்கும். பொறுப்பைச் சுமக்க முடியாதவர் தலையில் பொறுப்பை வைப்பது, பொறுப்பே இல்லை என்று சொல்வதற்குச் சமம். இதை மேஸ்திரிகளின் நேர்மைக் குறைவாகப் பார்ப்பது வசதியான தப்பித்தல்.

அப்படியானால் பொறுப்பை எதைக்கொண்டு அளப்பது? கட்டளையிட்டவர் யார் என்பது ஓர் அளவுகோல். அதை மட்டும் வைத்தால் மேஸ்திரி மாட்டுவார். பயன் யாருக்கு என்பது இன்னொன்று. வீடு எழுந்து நிற்பது வீட்டுக்காரருக்கு. மூன்றாவது ஒன்றும் உண்டு, அதுவே கனமானதாகத் தோன்றுகிறது: ஆபத்தை முன்கூட்டியே விலையில் சேர்த்திருக்கக்கூடியவர் யார்? சதுர அடிக்குப் பேரம் பேசும்போது விழுந்தால் ஆகும் செலவு எந்தப் பக்கத்துக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏறாததால்தான் விலை குறைகிறது. அந்தக் குறைந்த விலையை வீட்டுக்காரர் அனுபவிக்கிறார். அதை ஈடுகட்டும் பாரம், யாரும் கேட்காமலே, விழப்போகிறவரின் குடும்பத்தின் மேல் வைக்கப்படுகிறது. கட்டி முடியும்வரைக்கும் வேலையாட்களுக்கான காப்பீட்டுப் பாலிசி எடுக்கலாம். வீட்டின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் பிரீமியம் பெரிய தொகை இல்லை. அதை எடுக்காமல் விட்டவர், விபத்துக்குப் பிறகு ‘எனக்கு வசதியில்லை’ என்று சொல்லும்போது, அந்த வசதியின்மையில் ஒரு பங்கு அவரே தேர்ந்தெடுத்தது.

திருவள்ளூர் மாவட்டம் பெரிய விபத்தையும் பார்த்திருக்கிறது. 2014 ஜூலை 6 அன்று உப்பரபாளையத்தில் ஒரு கிடங்கின் மதில் சரிந்து, பக்கத்துக் குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளர்கள் 11 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எட்டு நாள் முன்புதான், ஜூன் 28-இல், மௌலிவாக்கத்தில் அடுக்குமாடி இடிந்து 61 பேர் மாண்டிருந்தார்கள். இம்மாதிரி நேரங்களில் அரசு நிவாரணம் அறிவிக்கிறது, போலீஸ் கைது செய்கிறது, பெயர்ப் பட்டியல் வெளியாகிறது. தூங்கும்போது இறந்தவர் வேலையின்போது இறந்தவரா என்று கேட்பவர்கூட, வேலையிடத்திலேயே படுக்க வைத்தது யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒற்றை ஆளாக ஒரு வீட்டின் முதல் மாடியிலிருந்து விழுபவருக்கு இந்த வெளிச்சம் இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று யாராவது சொல்லி எழுத வைத்துவிட்டால், அந்த ஒரு வரியை அழிக்க வருடக்கணக்கில் அலைய வேண்டும். சித்தாளாகப் போகும் பெண்களின் பாடு இன்னும் மோசம். கணவனும் மனைவியும் ஜோடியாக வேலைக்குப் போகும் இடங்களில் மேஸ்திரி நோட்டில் கணவன் பெயர் மட்டும் இருந்தால், மனைவி அங்கே வேலை செய்ததற்கு என்ன சாட்சி? கூலி கைப்பேசி வழியாக வருவது இதில் கொஞ்சம் உதவுகிறது. பணம் யார் அனுப்பினார், எந்த நாள் என்பது பதிவாகிவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் கணவனின் எண்ணுக்குத்தான் வருகிறது.

யாருடைய ஆள் என்ற கேள்வியையே கேட்காத ஏற்பாடு உலகத்தில் உண்டு. ஜெர்மனி 1884-லேயே தொழில்வாரியாக முதலாளிகள் சேர்ந்து கட்டும் நிதியிலிருந்து விபத்துக்குக் கொடுக்க வைத்தது. நியூசிலாந்து 1974 ஏப்ரலிலிருந்து, அடிபட்டவர் யாரிடம் வேலை செய்தார் என்று பார்க்காமலே பொது நிதியிலிருந்து கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் கட்டடச் செலவில் ஒரு சதவீதமாக வசூலாகும் வரியும் அந்தத் திசையில் வைத்த அடிகள்தான். ஆனால் வாரியம் தருவது உதவித்தொகை. வயதையும் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிட்ட ஈடு அல்ல. நகரியில் குடியிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு வருபவர், எந்த மாநில வாரியத்தில் பதிவது என்று தெரியாமலே காலத்தை ஓட்டிவிடலாம். இழப்பீட்டு மனுவை மட்டும் அவர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். 1995 திருத்தத்தின் தயவு.

பொது நிதிக்கு எதிரான வாதமும் இருக்கிறது. எல்லாவற்றையும் நிதி கொடுத்துவிட்டால் சாரத்தை இறுக்கிக் கட்ட யாருக்கு அக்கறை வரும் என்பது அது. ஆபத்து அதிகமான தொழிலுக்கு அதிகச் சந்தா என்று ஜெர்மனி வைத்த ஏற்பாடு அதற்கு ஓரளவு பதில். நம்மிடம் இப்போது இருப்பதோ இரண்டிலும் சேராதது: நிதியும் முழுமையில்லை, சாரமும் இறுக்கமில்லை.

நடைமுறையில் பல விபத்துகள் ஆணையரிடம் போவதே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் செலவோடு ஒரு தொகை பேசி, ‘இனி ஒரு உரிமையும் இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். ஆனாலும் பஞ்சாயத்தை ஒரேயடியாக இகழ முடியாது. அடுப்பு எரிய வேண்டிய வாரத்தில் பணம் அங்கேதான் வருகிறது. ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி என்று சட்டம் எழுதி வைத்திருப்பது, வழக்கு நடத்தத் தெம்பிருப்பவருக்குத்தான் பயன்படும். பஞ்சாயத்தில் பேசிய தொகையை அவசர உதவி என்று கொடுத்தால் அது மனிதத்தன்மை. அதே தொகைக்குக் கையெழுத்து கேட்கும்போது அது கொள்முதல்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய இழப்பீட்டுச் சட்டம் அதில் கரைந்துவிட்டது. கட்டுமான வரியிலிருந்து சொந்தக் குடியிருப்புக்கு இருந்த விலக்கின் வரம்பு பத்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சமாகியிருக்கிறது. கே.ஜி.கண்டிகையில் ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் வீடு ஐம்பது லட்சத்தைத் தாண்டுவது எத்தனை முறை நடக்கும்? சிறிய வீட்டுக்காரருக்கு இது சலுகை. அந்த வீட்டில் ஏறி நிற்பவருக்கு என்ன என்று யோசித்தால், அவருக்குக் கைகொடுக்க வேண்டிய நிறுவனம் இன்னும் ஒரு படி விலகிப் போயிருக்கிறது. எனவே வீட்டுக்காரர் தாமாகச் செய்வது மட்டுமே மிச்சமாகிறது: பாலிசி, இறுகிய சாரம், யார் யார் வேலைக்கு வருகிறார்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல். தளம் போடும் அன்று பெயர்களைக் கேட்டு எழுத அரை மணி நேரம் போதும். அதற்கு மேஸ்திரியும் முகம் சுளிப்பார், வீட்டுக்காரரும் தயங்குவார். நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தத் தாள்தான் சாட்சி என்பது இருவருக்கும் தெரியும்.