பசி இல்லாதவருக்கு எது விரதம்?

நம் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். நமக்குச் சாப்பாடு என்றாலே பசி ஆறுவது. அப்படியென்றால் பசியே எடுக்காதவரிடம் என்ன கேட்பது?

என் தாய்மாமா செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வரிசை தள்ளி இருக்கிறார். 134 கிலோ எடை, பல வருட இனிப்புநீர், தினமும் இன்சுலின். பதினான்கு மாதங்களுக்கு முன் எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்; மிச்சம் ஒரு வாழைப்பழம் போல நீளமாக நிற்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பதே அந்த வெட்டிய பகுதியில்தான். ஆகவே வயிறு மட்டும் சின்னதாகவில்லை, பசியும் ஏறக்குறைய போய்விட்டது.

இப்போது 96 கிலோ. முதல் இரண்டு வாரம் வெறும் தண்ணீர் ஆகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் குழைந்த சோறு. இன்றைக்கும் கைப்பேசியில் அலாரம் அடித்தால்தான் சாப்பிடுகிறார். முதலில் முட்டையோ மீனோ பருப்போ. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகவேண்டும். சோறு கடைசியில் இரண்டு வாய். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். ஒரு கரண்டி கூடிப்போனால் நெஞ்சை அடைத்து வாந்தி வந்துவிடும்.

இதைப் பார்த்த ஒருவர் சொன்னார்: "அறுத்து எடுத்துட்டா யாரு வேணும்னாலும் இளைக்கலாம். இதுல என்ன கட்டுப்பாடு இருக்கு?" எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். போராடாமல் வந்த அடக்கம் அடக்கமா?

திருக்குறளைப் புரட்டினேன். 'அடக்கமுடைமை' அறத்துப்பாலில் 13-ஆம் அதிகாரம். ஆனால் எவ்வளவு சாப்பிடவேண்டும், எப்போது சாப்பிடவேண்டும் என்பதை வள்ளுவர் அங்கே வைக்கவில்லை. பொருட்பாலில், 95-ஆம் அதிகாரத்தில் வைத்தார். அதன் பெயர் 'மருந்து'. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. அளவு மீறித் தின்பவனை அவர் பாவி என்று முத்திரை குத்தவில்லை, நோய் வரும் என்று எச்சரிக்கிறார். கீதையின் ஆறாம் அத்தியாயமும் மிகையாக உண்பவனுக்கும் யோகமில்லை, உண்ணாதவனுக்கும் இல்லை என்கிறது.

நான் படிப்பது பொறியியல். ஒரு தொட்டியின் சென்சார் நிரம்பின பிறகும் 'காலி, காலி' என்று காட்டிக்கொண்டிருந்தால் பம்பைத் திட்டி என்ன பயன்? மாமாவுக்கு முப்பது வருஷமாக அப்படித்தான் காட்டியது. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடல்பருமன். பாதி நாட்டுக்கே மனவுறுதி இல்லை என்று சொல்லிவிட முடியுமா, தெரியவில்லை.

சுலபமான வழி என்பதும் பொய். 2024 ஏப்ரலில் இதே வகைச் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. வயது 26. மாமா அந்தச் செய்தியைப் படித்தவர்தான். பிழைத்து வந்தாலும் நாக்கை யாரும் வெட்டுவதில்லை. திடமான சோறு அடைக்கும், ஆனால் தே தாரிக்கும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அப்படிக் குடித்துக் குடித்தே பழைய எடைக்குத் திரும்பினவர்கள் உண்டு. "பசி போச்சுடா மருமவனே, ஆசை போகல" என்பார் மாமா. போராட்டம் இல்லை என்று யார் சொன்னது?

அவருக்கு உண்மையிலேயே கஷ்டம் பந்தியில்தான். கோயில் அன்னதானத்தில் "ஒரு கரண்டி போதும்பா" என்றால் மூன்று கரண்டி விழும். "சாமி சாப்பாடு, வேணாம்னு சொல்லக்கூடாது." இலையில் மிச்சம் வைத்தால் பக்கத்தில் இருப்பவர் பார்க்கும் பார்வை வேறு. பாட்டிக்கும் அதே வருத்தம்தான். அவருடைய அம்மா ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை வைத்துப் பிள்ளை வளர்த்தவர். மணிமேகலை பசியைப் பிணி என்றது. வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. நம் அன்னதான தர்மம் பசித்தவர்களைப் பார்த்துப் பிறந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்துப் பரிமாறினால் அது யாருக்குச் செய்த தானம்? நம் இயக்கத்துப் பிள்ளைகளைத்தான் கேட்கிறேன், ஏனென்றால் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் திருவிழாப் பந்தியிலும் கரண்டி பிடிப்பது நாம்தான். "எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்க எத்தனை விநாடி ஆகும்?

இந்தத் தைப்பூசத்துக்கு மாமா பால்குடம் எடுத்தார். முன்பெல்லாம் ஒருவேளை சாப்பாட்டு விரதம். இப்போது சாப்பாட்டைத் தள்ளக்கூடாது, தண்ணீரும் குறையக்கூடாது என்று உணவியல் நிபுணர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டினி கிடப்பது அவருக்கு இப்போது ரொம்பச் சுலபம்; பசிக்காதே! அதனால் 48 நாள் தே தாரிக்கை விட்டார். அலாரம் அடிக்கும்போதெல்லாம், பிடிக்காவிட்டாலும், உட்கார்ந்து மெதுவாக மென்று சாப்பிட்டார். நான் இதை விரதம் என்கிறேன். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "நாலு வேளை சாப்பிட்டுட்டு என்னடா விரதம்?" என்கிறார். ஆனால் அந்த 48 நாளும் அலாரம் அடித்ததும் அவித்த முட்டையை உரித்துத் தட்டில் வைத்தது அவர்தான்.