மஷூராவும் சட்டமும்

திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்து, மன்றம் கூடி முடிவெடுக்க வேண்டுமென்பது 1973ஆம் ஆண்டுப் புதுவைச் சட்டத்தின் நோக்கம். ஆனால், 1968க்குப் பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் மன்றங்களின் காலம் முடிந்தபின் பல்லாண்டுகள் அதிகாரிகளே முடிவெடுத்தனர்.

"சாலையும் விளக்கும் வந்தால் போதாதா?" எனச் சிலர் வினவலாம். உஹதை எண்ணிப் பார்ப்போம். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கருத்து. வெளியே செல்வோம் என்றனர் தோழர் பலர். நாயகம் அவர்கள் அதனை ஏற்றார்கள். பேரிழப்பு நேர்ந்தது. எனினும், அதன்பின் அருளப்பெற்ற திருவசனமும் தோழர்களுடன் கலந்தாலோசிக்குமாறே பணித்தது.

ஏனெனில், ஆலோசனை என்பது நல்ல முடிவுக்கு வழி மட்டுமன்று. மனிதனுக்குச் செய்யும் மரியாதையுமாகும். அதனை ஏட்டில் எழுதிவிட்டு மன்றத்தைப் பூட்டி வைப்பது நீதியாகுமா? நம் ஜமாஅத்துகளிலும் இவ்வினாவை நாம் எழுப்பிக்கொள்வோமாக.